முறைப்பாட்டில் என் பெயர்

மகனுக்கு,

நான் பஸ் மாறி ஏறவில்லை. கண்டியில் மருந்து வாங்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள், கண் சரியாகத் தெரியாமல் நுவரெலியா பஸ்ஸில் ஏறி, புசல்லாவையில் இறங்கி, சாவுக்கு அடிக்கும் தப்புமேளச் சத்தம் வந்த பக்கமாக நடந்து, யாருடைய சாவு என்றும் தெரியாமல் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன் என்று உறவினர் மத்தியில் ஒரு கதை உலவுகிறது. போன வாரம், உன் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கும் வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்றார். எது வருகிறது என்று கேட்டேன். தேநீரைக் குடித்தார். அந்தக் கதையை முதலில் சொன்னவன் நீ என்பதால் திருத்தத்தையும் உனக்கே எழுதுகிறேன். அன்று பஸ்ஸின் முகப்பில் ஊர்ப்பெயரைப் படித்தேன். போதாதென்று கொண்டக்டரிடமும் கேட்டேன். புசல்லாவையில் இறங்கி ஓர் ஆட்டோக்காரரிடம் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொன்னேன். நீ பெரிய துரையாக இருந்து நிர்வகிக்கும் தேயிலைத் தோட்டம் அது. என் பையில் ஒரு புதுச் சேலை இருந்தது. செல்லாயிக்குக் கோடி போடப் போனேன்.

இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. உன் மனைவி படிக்கலாம், உன் மகள் படிக்கலாம், கம்பெனியின் சட்டத்தரணியும் படிக்கலாம். ஊரறியப் பேசப்பட்ட ஒன்றுக்கு மறைவாகப் பதில் சொல்வது என் பழக்கமில்லை. கண்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவள் நான். நேரில் பார்க்காதவர்கள் எழுதும் முறைப்பாடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று நீ கொழும்பில் இருந்தாய். பொலிஸில் நீ கொடுத்த முறைப்பாட்டை எழுதியவர்களும் அங்கே இருக்கவில்லை. நான் இருந்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் மகளுக்குத் தெரிந்திருக்காது என்பதால் இதைச் சொல்லவேண்டும். தோட்டத்தில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வரவேண்டும். அதைத்தான் கோடி என்கிறோம். அண்ணனோ தம்பியோ அவர்கள் பிள்ளைகளோ அதைக் கொண்டுவந்து உடல்மேல் போட்ட பிறகுதான் தூக்குவார்கள். பிறந்த வீட்டுக் கோடி வராமல் போகிறவள் அநாதையாகப் போகிறாள் என்று பொருள். செல்லாயியின் அண்ணன்மார் இருவரும், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு கப்பலேறிப் போனவர்கள். அதன்பின் அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கோடியை நான் கொண்டுவருவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் போய்விட்டாள் என்று வீட்டிலிருந்து செய்தி வந்ததும் கண்டியில் கதர்ச் சேலை தேடினேன், கிடைக்கவில்லை. சாதாரண வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றை எடுத்தேன்.

கேட்டில் புதிதாக ஓர் இரும்புத் தடி போட்டிருக்கிறாய். பக்கத்தில், அனுமதியின்றி உட்புகுவோர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று பலகை. காவலுக்கு இருந்தவர் மரியாதையான மனிதர். "அம்மே, அத யன்ன பே" என்றார். இன்றைக்குப் போக முடியாதாம். வெளியாட்கள் ஒருவரையும் விடவேண்டாம் என்று துரை மாத்தயா சொல்லியிருக்கிறாராம். அந்த மாத்தயா என் மகன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடியைத் தூக்கியிருப்பார். சாவு வீட்டுக்குப் போகிறவள் மகனுடைய பதவியைக் காட்டிப் போகக்கூடாது. அவர் தன் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. தூறலில் குடையோடு நின்றேன். மேலே லயத்தில் தப்பு நின்றது. ஆட்டோக்காரர் லயத்தில் யாருக்கோ தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் செல்லாயியின் மகன் சிவலிங்கம்.

"என்னாங்கம்மா இங்கயே நிக்கிறீங்க? ஒங்களுக்காகத்தான் தூக்காம வச்சிருக்கோம்."

"விடமாட்டேங்கிறார் தம்பி. அவர்மேல குத்தமில்ல."

பின்னால் வந்த ஒரு கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தொரையோட அம்மாவயே தொரை கேட்டுல நிப்பாட்டிட்டாரு. நல்லாத்தான் பெத்து வளத்திருக்கீங்க போங்க."

"பெத்தவளும் பாஸ் எழுதி வாங்கிட்டுத்தான் வரணுமாக்கும்" என்றது இன்னொரு குரல். சாவு வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சிவலிங்கத்தின் மகள் தேவி காவலாளியிடம் சிங்களத்தில் பேசினாள். என்னுடையதைவிட நல்ல சிங்களம். பாட்டிக்குப் பிறந்த வீட்டுச் சேலை வந்திருக்கிறது, அதைப் போடாமல் தூக்க முடியாது, இந்த அம்மா ஒருவரை மட்டும் விடுங்கள் என்று பொறுமையாகக் கேட்டாள். அவர் தொலைபேசியில் யாரிடமோ கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. அதன்பிறகுதான் சிவலிங்கம் தடியில் கை வைத்தார். அவர் யாரையும் தள்ளவில்லை. நான் குனிய வேண்டாம் என்பதற்காகத் தடியை உயரமாகத் தூக்கிப் பிடித்தார். நான் நடந்து உள்ளே போனேன். உன் பலகை எதைச் செய்யாதே என்கிறதோ அதை அன்று முதலில் செய்தது நான். காவலாளி பெயர் கேட்டபோது முழுப்பெயரையும் சொல்லி, எழுத்துக்கூட்டி எழுதவும் வைத்தேன்.

மேலே போய்ச் சேலையைப் போட்டேன். செல்லாயி ஒரு பிள்ளையின் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தாள். சேலை அவளுக்கு மிஞ்சியது. ஆண்கள் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போனார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. ஆகவே, இனி அங்கே அடக்கம் கூடாது என்று மயானத்தைச் சுற்றி உன் கம்பெனி போட்ட வேலி உடைக்கப்பட்டதா, கழற்றி வைக்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. பார்க்காததை எழுதமாட்டேன். அந்த மண்ணில் அவள் புருஷன் கிடக்கிறான், அவளுடைய மூத்த பிள்ளை கிடக்கிறது என்பது தெரியும். சுற்றுலா விடுதிக்கென்று அதை அளந்தவர்கள் அந்தக் குழிகளின் மேல் நடந்துதான் அளந்திருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து நீ தொலைபேசியில் பேசியதை மறந்திருக்கமாட்டாய். மறதி எனக்குத்தான் என்று சொல்லிவருகிறாய் என்பதால், நாம் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"அம்மா, நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் பேசாதீங்க. நான் எல்லாம் சரி பண்ணிட்டேன்."

"என்ன சரி பண்ணின?"

"முறைப்பாட்டுலேருந்து ஒங்க பேர எடுத்தாச்சு. ஞாபகமறதி, பஸ் மாறி ஏறி வந்துட்டாங்கன்னு டாக்டர் லெட்டர் ஒண்ணு குடுத்திருக்கேன்."

"எந்த டாக்டர் என்னைப் பார்த்தார்?"

"அம்மா, கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. இத வளர்க்காதீங்க."

"மத்தவங்க பேர்?"

"அது கம்பெனி விஷயம்."

மற்றவர்கள் ஐந்து பேர். சிவலிங்கம், தேவி, தப்படித்த இருவர், குழி வெட்டிய ஒருவர். கேட்டைத் திறந்ததற்கும் மயான வேலிக்குள் போனதற்குமாகக் குற்றகரமான அத்துமீறல் வழக்கு. நீதிமன்றத் தவணை அடுத்த மாதம் என்கிறார்கள். சிவலிங்கத்துக்கு வேலை நிறுத்தப்பட்டிருக்கிறது. தேவிக்குத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் நியமனம் வரவிருந்தது. வழக்கு நிலுவையில் இருக்கும் ஒருத்திக்கு யார் நியமனம் கொடுப்பார்கள்? நீ படித்தவன். ஒரு கையெழுத்தில் அந்த வீட்டின் முதல் அரசாங்கச் சம்பளத்தை நிறுத்தியிருக்கிறாய் என்பது உனக்கு விளங்காமல் இருக்க முடியாது.

செல்லாயி யார் என்று நீ கேட்டதில்லை. தபாலகத்துப் பின்வாசலுக்கு வந்துபோகும் தோட்டத்துப் பெண் என்று மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். அவளைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய படத்தை உன் பங்களாவின் முன்கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாய். கதர் ஜிப்பா, வட்டக் கண்ணாடி. வருகிறவர்களிடம், "எங்க தாத்தா வெள்ளைக்காரன எதிர்த்துக் கோர்ட்ல நின்னவர்" என்கிறாய். நின்றார் என்பது உண்மை. அங்கே நின்று என்ன சொன்னார் என்பதை நான் உனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் தோட்டம் என்றால் லயத்து வாசற்படி வரைக்கும் துரையின் சொத்து. உள்ளே குடியிருப்பவனுக்குத் தன் வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிடும் உரிமை இல்லை. அண்ணன் தங்கையைப் பார்க்க வந்தாலும் துரையிடம் கேட்கவேண்டும். கேட்காமல் வந்தவன் அத்துமீறியவன். அவனுக்குச் சிறை, அவனை வைத்திருந்தவனுக்குப் பற்றுச்சீட்டு என்கிற வேலைநீக்கத் துண்டு. அதைக் கையில் கொடுத்துவிட்டால் அன்றைக்கே சட்டிபானையோடு குடும்பம் ரோட்டில் நிற்கவேண்டும். கடலுக்கு அப்பால் இந்தியாவிலும் இதே கைகள் எழுதிய சட்டங்கள்தான். கூட்டம் கூடினால் குற்றம், பத்திரிகையில் எழுதினால் குற்றம், கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தால் குற்றம், விசாரணையே இல்லாமல் உள்ளே போடலாம் என்று ஒரு சட்டம். அந்தச் செய்திகள் எல்லாம் சென்னைப் பத்திரிகைகளில் கண்டிக்கு வந்தன. சில இதழ்கள் வழியிலேயே நிறுத்தப்பட்டன. வந்தவற்றைத் துணிக்கடைகளின் பின்கட்டில் இளைஞர்கள் கூடிப் படித்தார்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா. வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகன், ஆங்கிலம் படித்தவர், துணிக்கடையில் எழுத்தர்.

அந்தப் பத்திரிகைகளில் அவர்களை ஈர்த்தது வீரப் பேச்சு அல்ல. இந்தியாவில் பிடிபட்டவர்கள் நீதிமன்றத்தில் நடந்துகொண்ட விதம். அவர்கள் ஓடவில்லை, மறுக்கவில்லை, வக்கீல் வைத்து நழுவவில்லை. ஆம், செய்தேன், உங்கள் சட்டம் தவறு, தண்டனையைக் கொடுங்கள் என்றார்கள். எல்லோரும் பயந்து பொய் சொல்வார்கள் என்று நம்பித்தான் அப்படிப்பட்ட சட்டங்களை எழுதுகிறார்கள். ஒருவன் பொய் சொல்ல மறுத்தால், அவனை அடைக்கலாம், அடிக்கலாம், ஆனால் அவனைக் கள்ளன் என்று காட்ட முடியாது. கள்ளனாகக் காட்ட முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் சட்டம்தான் திருட்டுச் சட்டமாகத் தெரிந்தது. பின்கட்டில் இருந்த இளைஞர்கள் இதை லயத்துக்குக் கொண்டுபோக நினைத்தார்கள். கேட்டைத் தாண்ட வழியில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் வழி உண்டு. கோடி கொண்டுவருகிறவனை எந்தத் துரையும் தடுத்ததில்லை. தடுத்தால் பிணம் கிடக்கும், பிணம் கிடந்தால் மறுநாள் ஒருவரும் கொழுந்தெடுக்க மாட்டார்கள்.

வத்தேகமப் பக்கத்தில் வேறொரு தோட்டத்தில் கருப்பையா என்ற தொழிலாளியின் தாய் செத்துப்போனாள். கருப்பையா சொல்லி அனுப்ப, அப்பாவும் கடையில் வேலை செய்த வேறு இருவரும் ஒரு கதர்த் துணியைக் கோடியென்று எடுத்துக்கொண்டு கிழவியின் பிறந்த வீட்டு ஆட்களாகப் போனார்கள். போட்டார்கள். தப்பு அடங்கியபோது மூவரில் ஒருவர் பேசினார். இந்த லயம் உங்கள் வீடு, நீங்கள் கூப்பிட்டவர் உங்கள் விருந்தாளி, அதைக் குற்றம் என்கிற சட்டத்துக்குக் கட்டுப்படாதீர்கள் என்றார். ஜனங்கள் நெருங்கி வந்து கேட்டார்கள். அந்த நேரத்தில் பெரிய கங்காணி துக்கம் கேட்க வந்தார். அந்தக் குடும்பங்களை இந்தியாவில் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டிக் கொண்டுவந்தவர் அவர். யாருக்கு எத்தனை உடன்பிறப்பு என்று அவருக்குத் தெரியும்.

"கெழவிக்குப் பொறந்த எடத்து ஆளு ஒருத்தன்தானே. அவன் காலையிலயே கோடி போட்டுட்டான். ரெண்டாவது கோடி எந்த ஊர்லேருந்துடா வந்துச்சு?"

கடை இளைஞர்கள் ராட்டையைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தார்கள், உப்பு வரியைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தார்கள். செத்தவளுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறானா, அவன் வந்துவிட்டானா என்று கேட்கத் தோன்றவில்லை. பொலிஸ் வந்தது. கிழவியின் மேல் கிடந்த கதர்த் துணியைச் சான்றுப் பொருள் என்று சொல்லி உருவி எடுத்துக்கொண்டார்கள். கருப்பையா தன் தலைத்துண்டை அவிழ்த்துத் தாயின் மேல் போட்டார். அவர் கையில் விலங்கு போடப்பட்டது அதற்குப் பிறகு.

வழக்குக்கு முன்னால் என் தாத்தா, அதாவது கணக்கப்பிள்ளை, அந்தத் தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் போய் நின்றார். கடை முதலாளி வக்கீல் வைத்தார். படித்த பையன், நல்ல குடும்பம், அறியாமல் வந்துவிட்டான் என்று ஏற்பாடு ஆயிற்று. நீதவான் மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார், நீ வழி தவறி அந்தத் தோட்டத்துக்குள் போனாயா என்று. மொழிபெயர்ப்பாளருக்கு வேலை வைக்காமல் ஆங்கிலத்திலேயே ஆமாம் என்றார் அப்பா. விடுவிக்கப்பட்டார். மற்ற இருவரும் கருப்பையாவும் செய்தோம் என்றார்கள். மூவரும் கண்டிச் சிறைக்குப் போனார்கள். அந்த வாரமே கருப்பையாவின் மனைவியையும் பிள்ளைகளையும் லயத்தைவிட்டு இறக்கினார்கள். இடுப்பில் இருந்த கைக்குழந்தைதான் செல்லாயி. கருப்பையா வெளியே வந்தபோது ஒரு தோட்டமும் அவர் பெயரைப் பதியவில்லை. வத்தேகமச் சந்தையில் மூட்டை தூக்கினார். இருமி இருமி, அதிக காலம் இல்லாமல் போய்விட்டார்.

என் அப்பா கெட்டவர் அல்ல. சாகும்வரை கதர் உடுத்தினார். என்னைக் கொன்வென்டில் படிக்க வைத்தார். அந்த நாளைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் நான் கேட்டதில்லை. நான் கேட்டது செல்லாயியிடமிருந்து. உன் அப்பா புசல்லாவையில் தபாலதிபராக இருந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் ஒருநாள் பின்வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா வூட்டம்மா, நீங்க வத்தேகம கணக்கப்புள்ள பேத்திங்களா?"

"ஆமா."

"அப்ப வழி தப்புன ஐயா மக."

"யாரு?"

"எங்காத்தா அப்பிடித்தான் சொல்லும். லயத்துல எல்லாருமே அப்பிடித்தான் சொல்லுவாங்க."

கோபமில்லாமல் சொன்னாள். நான் நம்பவில்லை. கண்டிக்கு வந்து என் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தவில்லை, மறுக்கவுமில்லை. அதற்குப் பின் செல்லாயி வருவதும் நான் அவளுக்குத் தேநீர் கொடுப்பதும் பழக்கமாயிற்று. சிநேகம் என்று சொல்லமாட்டேன். அவள் என்னை ஒருநாளும் புகழ்ந்ததில்லை. சீனி போதாது என்பாள். நான் அவளுடைய வெற்றிலை எச்சிலைப் பற்றிச் சொல்வேன். உன் அப்பா இறந்து நான் கட்டுகஸ்தோட்டைக்கு வந்த பிறகும் வந்துபோனாள். கடைசியாக வந்தபோதுதான் கேட்டாள்.

"எனக்குப் பொறந்த வூடு கப்பலேறிப் போயிருச்சு. கோடி போட ஆளில்ல. எங்கப்பன் உள்ள போனதுக்கு ஒங்கப்பன் வூடுதான் எனக்குப் பொறந்த வூடு. என்னா சொல்றீங்க?"

"சரி" என்றேன்.

"மொழம் கொறையாம எடுங்க. கண்டிக் கடைக்காரன் ஏமாத்துவான்."

இப்போது உனக்கு விளங்கும், உன் டாக்டர் கடிதம் எனக்கு ஏன் வேண்டாம் என்று. நீ என்னைக் காப்பாற்ற நினைத்தாய். அதை நான் சந்தேகிக்கவில்லை. என் தாத்தாவும் தன் மகனைக் காப்பாற்றத்தான் நினைத்தார். காப்பாற்றப்பட்டவர் அதன்பின் வாழ்நாள் முழுக்க வத்தேகமச் சந்தைப் பக்கம் போகவில்லை. வத்தேகமவில் தாத்தா வீட்டுக்குப் போகும்போதும் மரக்கறியைக் கண்டியிலேயே வாங்கிக்கொண்டு போவார்.

வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். அவர்கள் எழுதிய பிரிவு தண்டனைச் சட்டக்கோவையில் அப்படியே இருக்கிறது. எத்தனையோ தடவை அதைத் தட்டச்சு செய்திருக்கிறேன். உன் பலகையில் இருப்பதும் அதுதான். நீ முதன்முதலாகச் சின்னத் துரையாக வேலைக்குச் சேர்ந்த அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, நான் வர்றதப் பார்த்ததும் வயசான ஆளுங்க தலைத்துண்ட எடுத்துட்டு வடிகானுக்குள்ள எறங்கி நிக்கிறாங்க, எனக்கு ஒரு மாதிரியா இருந்திச்சு" என்றாய். பழகிவிடும் என்று சொன்னேன். மகன் துரையாகிவிட்டான் என்ற பெருமையில் சொன்னது அது. சொல்லியிருக்கக்கூடாது. நீ பழகிவிட்டாய். தமிழன் ஒருவன் பெரிய துரையாக வந்தால் லயத்து ஜனங்கள் கேட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியிராது என்று நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள். செல்லாயி மட்டும் நினைக்கவில்லை. "தொரைன்னா தொரைதான்" என்றாள் நான் இனிப்புக் கொடுத்தபோது. இனிப்பைச் சாப்பிட்டாள்.

உன் சட்டத்தரணி அந்தப் பிரிவை ஒருமுறை முழுதாகப் படிக்கட்டும். பிறர் நிலத்துக்குள் கால் வைத்தால் மட்டும் குற்றமாகாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, நிலத்தை வைத்திருப்பவருக்குத் தொந்தரவு கொடுக்கவோ எண்ணம் இருந்திருக்கவேண்டும். அந்த ஐந்து பேருக்கு இருந்த எண்ணம் தாயை அடக்கம் செய்வது. அவர்களுக்கு உன்னைப் பற்றிய நினைவே அன்று இருக்கவில்லை. எனக்கு இருந்தது. தடியைத் தாண்டும்போது, இது என் மகனுக்குத் தொந்தரவாக இருக்கும், இருக்கட்டும் என்று நினைத்துத்தான் தாண்டினேன். உன் முறைப்பாட்டில் குற்ற எண்ணத்தோடு உள்ளே போனவர் ஒருவர் உண்டென்றால் அது நான். என்னை நீக்கிவிட்டு மற்றவர்களை வைத்திருப்பது அன்பும் இல்லை, சட்டமும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் மகளின் கல்யாணத்தை வைத்து நான் பேரம் பேசவில்லை. நடப்பது எதுவானாலும் கல்யாணத்துக்கு வருவேன், அவளை ஆசீர்வதிப்பேன். என் அப்பாவின் படத்தைக் கழற்றச் சொல்லவுமில்லை. அது இருக்கட்டும், ஆனால் கேட்பவர்களுக்கு முழுவதையும் சொல். உன்னைப் பெற்றவள் என்ற முறையில் ஒரே ஒரு புத்திமதி. கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுமுன், அதில் உள்ள பெயர்களை வாய்விட்டுப் படி. படித்துக் காட்ட முடியாத தாளில் கையெழுத்துப் போடாதே. நீ வேலையை இழக்கலாம் என்று எனக்குத் தெரியும். சிவலிங்கம் ஏற்கெனவே இழந்துவிட்டார். உனக்கு என் வீடு இருக்கிறது. அவருடைய வீடு கம்பெனியினுடையது.

நீ செய்யக்கூடியவை இரண்டு. அந்த ஐந்து பேர் மீதான முறைப்பாட்டைக் கம்பெனியோடு பேசித் திரும்பப் பெறு. அது முடியாதென்றால், டாக்டர் கடிதத்தை மீளப்பெற்று, என் பெயரை முதலாவதாகச் சேர். மூன்றாவது ஒன்றை நான் ஏற்கமாட்டேன். எப்படியானாலும் தவணை நாளில் நீதிமன்றத்துக்கு வருவேன். பெயர் கூப்பிடாவிட்டால் எழுந்து நின்று நானே சொல்வேன். அன்று நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய் என்று எனக்கு முன்கூட்டித் தெரியவேண்டும். தொலைபேசியில் பேசாதே, உன் மனைவியை அனுப்பாதே. இரண்டில் எதைச் செய்யப்போகிறாய் என்று உன் கையால் எழுதி, கையெழுத்திட்டு, தவணைக்கு முன் எனக்கு அனுப்பு.

அம்மா